மீன் கடைக்கு மேலே டாக்டரின் முகம்

இன்னும் கடைக்கு வராத மருந்துகளுக்கு ஆள் பிடிப்பதுதான் என் வேலை. இப்படிச் சொன்னால் எங்கள் டாக்டருக்குப் பிடிக்காது. "பிடிக்கிறதுன்னு சொல்லாத, சேர்க்கிறதுன்னு சொல்லு" என்பார். சரி, சேர்ப்பது. பி.ஃபார்ம் முடித்ததும் என் வகுப்பில் பாதிப் பேர் மெடிக்கல் ஷாப்பில் உட்கார்ந்தார்கள், மீதிப் பேர் சென்னைக்கு ஓடினார்கள். நான் கந்தர்வக்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மாடியில், ஒரு மேஜை, ஒரு ஃப்ரிட்ஜ், ஐந்து ஃபைல்களோடு ராஜ்ஜியம் நடத்த ஆரம்பித்தேன்.

ஐந்து ஃபைல் என்றால் ஐந்து நோய். மூட்டுவலி, ஆஸ்துமா, சொரியாசிஸ், பிரஷர், ஆறாத சுகர் புண். ஒவ்வொன்றுக்கும் ஒரு புது மருந்து, அதைச் சோதிக்க ஆட்கள் வேண்டும். யாரை வேண்டுமானாலும் சேர்க்க முடியாது. இந்த வயதிலிருந்து இந்த வயது வரை, சுகர் இவ்வளவுக்குள், வேறு நோய் இன்னதெல்லாம் இருக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக நிபந்தனை. மாப்பிள்ளை பார்ப்பதுகூட இதைவிட எளிது.

மூட்டுவலி ஃபைல் ஒரே மாதத்தில் நிறைந்தது. எங்கள் மாவட்டத்தில் முழங்கால் வலிக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. ஆஸ்துமாவும் ஓடியது. சுகர் புண் ஃபைல் மட்டும் வாங்கிய நாளிலிருந்து காலி. புண் உள்ளவர்கள் இல்லாமல் இல்லை. பஸ்ஸில் பாருங்கள், பத்துப் பேரில் ஒருவர் காலில் துணி சுற்றியிருப்பார். ஆனால் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் வீட்டிலேயே மஞ்சளைப் பூசி மறைத்துக்கொண்டு கிடப்பார்கள்.

டாக்டர் பொறுமையாக இருந்தார். எனக்குத்தான் பொறுமை கிடையாது. எங்கள் பக்கத்தில் எந்த விஷயமும் ஃப்ளெக்ஸில் வந்தால்தான் நடந்ததாகக் கணக்கு. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, போலீஸ் வேலை கிடைத்தது, புது டிராக்டர் எடுத்தது, எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ். அப்படியிருக்க, ஒரு மருந்து ஆய்வுக்கு ஏன் இருக்கக் கூடாது? யாரிடமும் கேட்காமல் நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன்.

மேலே டாக்டர், பொங்கல் விழாவில் எடுத்த போட்டோவில் கைகூப்பியபடி. நடுவில் சிவப்பு எழுத்தில்: 'ஆறாத சுகர் புண்ணா? இனி கவலை வேண்டாம்! புத்தம் புதிய மருந்து! முழு குணம்! முற்றிலும் இலவசம்!' கீழே என் போன் நம்பர்.

கடைக்கார அண்ணன் திரையை உற்றுப் பார்த்தார். "கீழ் வரிசை காலியாக் கெடக்கு தங்கச்சி. போட்டோ இல்லாம ஃப்ளெக்ஸு மொட்டையாத் தெரியும்."

"என் போட்டோவைப் போடுங்கண்ணே."

"கூலிங் கிளாஸ் போட்டது இருக்கா?"

இருந்தது. போட்டோம். மூன்று ஃப்ளெக்ஸ் அடித்து கந்தர்வக்கோட்டையில் ஒன்று, கறம்பக்குடியில் ஒன்று, மீமிசலில் ஒன்று என்று வைத்தேன். அன்றைக்குத் திரும்பிவரும்போது இந்த மாவட்டத்தையே நான்தான் வாங்கிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். குரல் மெதுவாக இருந்தது. அவர் குரல் மெதுவாக இருந்தால் ஓடிவிட வேண்டும். நான் ஓடவில்லை.

"நேத்து கறம்பக்குடியில ஒரு கல்யாணத்துக்குப் போனேன்மா. மண்டபத்துக்கு எதுத்தாப்புல நான் நிக்கிறேன். கும்புட்டுக்கிட்டு. பொண்ணு வீட்டுக்காரங்க கேக்குறாங்க, 'சார் எலக்‌ஷன்ல நிக்கிறீங்களா'ன்னு."

"சார், ரெஸ்பான்ஸ் வரும்னுதான்..."

"முழு குணம்னு போட்டிருக்க. குணமாகும்னு தெரிஞ்சா எதுக்கும்மா ட்ரையல் நடத்துறோம்? தெரியாதுங்கிறதாலதான நடத்துறோம்?"

இதையெல்லாம் பாடத்தில் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆய்வுக்கு ஆள் கேட்டு ஒரு துண்டு நோட்டீஸ் ஒட்டுவதென்றாலும் அதை நெறிமுறைக் கமிட்டி படித்துப் பார்த்து அனுமதிக்க வேண்டும். நோயாளிகளை யாரும் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் கமிட்டியின் வேலை. நான் அதைத் தாண்டிக் குதித்து, கூலிங் கிளாஸோடு நின்றிருக்கிறேன்.

"மூணு ஃப்ளெக்ஸும் என் டேபிளுக்கு வரணும். அதைப் பாத்துட்டு வர்ற யாரையும், கமிட்டி சொல்ற வரைக்கும் ட்ரையல்ல சேக்கக் கூடாது. ஒருத்தரைக்கூட. புரியுதா?"

புரிந்தது. கந்தர்வக்கோட்டை ஃப்ளெக்ஸையும் கறம்பக்குடி ஃப்ளெக்ஸையும் அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன். மறுநாள் அறந்தாங்கி போய் பஸ் மாறி மீமிசலில் இறங்கினால், மூங்கில் கம்பு இரண்டும் நிற்கிறது, ஃப்ளெக்ஸைக் காணோம். டீக்கடையில் கேட்டேன்.

"டாக்டரா? மீன் மார்க்கெட்டுல தொங்குறாரு, போய்ப் பாருங்க" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், சிரிக்காமல்.

உண்மையிலேயே தொங்கினார். நாலு கம்பை நட்டு, மேலே ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டி, நிழலுக்குக் கீழே ஒரு அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். டாக்டர் தலைகீழாக, வெயில் ஊடுருவி, சங்கரா மீன்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்த ஃப்ளெக்ஸ் எங்களோடது."

"ஒங்களுதா? காத்துல பிச்சுக்கிட்டு ரோட்டுல கெடந்துச்சு. நாந்தான் எடுத்தாந்து கட்டுனேன். நல்ல கனமான ஃப்ளெக்ஸு. இதுக்கு முந்தி ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸு கட்டியிருந்தேன், ஒரு மழைக்குத் தாங்கல." அண்ணாந்து மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏ புள்ள, அந்த ஓரத்துல இருக்கிறது நீதான? கண்ணாடியக் கழட்டுனா அம்புட்டு வெவரமாத் தெரியலயே!"

சுற்றியிருந்த கடைகளெல்லாம் சிரித்தன. நானும் சிரித்துக்கொண்டே குனிந்தபோதுதான் அவர் காலைப் பார்த்தேன். வலது பாதம் முழுக்க பாலித்தீன் பை. கணுக்காலில் ரப்பர் பேண்ட். உள்ளே கட்டுத் துணி மஞ்சளாக நனைந்திருந்தது.

"இது என்னக்கா?"

"கரையில ஆணி குத்துனது. குத்துனதே தெரியல, சுகரு. வீட்டுக்குப் போயி பாத்தா செருப்பெல்லாம் ரத்தம். பத்து மாசமாச்சு, மூடவே மாட்டேங்குது." கத்தியைத் தண்ணீரில் அலசினார். "டவுன்ல ஒரு டாக்டருக்கிட்டப் போனேன். மூணு மாசம் பாப்போம், அதுக்குள்ள சுருங்கலைன்னா முன்பாதத்த எடுத்துறணும்னுட்டாரு. எடுத்துட்டா ஒக்காந்து மீனு விக்கலாம், இல்லேங்கல. ஆனா ஏலத்துக்கு ஓடணும்ல? படகு கரைக்கு வந்ததும் முந்தி ஓடுறவளுக்குத்தான் நல்ல மீனு. பாதிக் காலை வச்சுக்கிட்டு நான் எங்கிட்டு ஓடுறது?"

"ஃப்ளெக்ஸைப் படிச்சீங்களாக்கா?"

"தெனம் படிக்கிறேனே. போன் அடிக்கலாம்னு ரெண்டு வாட்டி நம்பர அமுக்கிட்டேன். அப்பறம் அங்கிட்டுப் போனா ஒரேயடியா வெட்டிப்புடுவாகளோன்னு வச்சுட்டேன்."

என் மண்டைக்குள் ஃபைல் தானாகத் திறந்தது. வயது சரி, புண் சரி, இடம் சரி. மாதக்கணக்கில் தேடிய ஆள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஃப்ளெக்ஸைப் படித்திருக்கிறார். என் ஃப்ளெக்ஸை. அதனாலேயே அவரைச் சேர்க்க முடியாது. அவருக்கு இருந்த ஒரு வாய்ப்பை நானே சிவப்பு எழுத்தில் அடித்துக் கெடுத்திருக்கிறேன்.

சுற்றிப் பார்த்துவிட்டு அவர் காதருகே சொன்னேன். "அக்கா, நாளன்னைக்குப் புதுக்கோட்டைக்கு வாங்க. ஆனா எப்படித் தெரிஞ்சுச்சுன்னு டாக்டர் கேட்டா, ஃப்ளெக்ஸுன்னு சொல்லாதீங்க. சொந்தக்காரப் புள்ள சொன்னுச்சுன்னு சொல்லுங்க."

"எந்த சொந்தக்காரப் புள்ள?"

"நான்தான்னு வச்சுக்கங்களேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி தங்கச்சி" என்றார்.

மீன் விற்றுத் தீரும்வரை காத்திருந்து ஃப்ளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டினேன். அறந்தாங்கி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு கடைசிவரை காலியாகவே வந்தது. மறுநாள் அந்த மீன்வாடை ஃப்ளெக்ஸ் டாக்டரின் மேஜைக்குப் போனபோது அவர் எழுந்து ஜன்னலைத் திறந்து வைத்தார்.

சொன்ன நாளில் அக்கா வந்தார். டாக்டர் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைத் தன் முழங்கால்மேல் வைத்து அரை மணி நேரம் சுத்தம் செய்தார். மூக்கைச் சுளிக்கவில்லை. "ட்ரையல்ல சேந்தாலும் சேராட்டியும் இந்தக் கால நான் பாத்துக்கிறேன். அது வேற, இது வேற" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதன்பிறகு ஃபாரத்தை எடுத்தார்.

"இந்த ஆய்வைப் பத்தி எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"சொந்தக்காரப் புள்ள சொன்னுச்சு."

"யாரு?"

மறுபடியும் என்னைப் பார்த்தார். பிறகு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நம்மால ஆவாது டாக்டரே. பொய் சொன்னா எனக்கு வாயி கோணிக்கிரும். பத்து நாளா ஒங்க மூஞ்சிக்குக் கீழ ஒக்காந்துதான் மீனு வெட்டுனேன். இந்தப் புள்ளதான் சொல்லாதீங்கன்னுச்சு. அதை வையாதீங்க, எனக்காகத்தான் சொன்னுச்சு."

டாக்டர் பேனாவை மூடினார். என் பக்கம் திரும்பவே இல்லை. வைதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அக்கா போனபிறகு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார். "கமிட்டிக்கு நீயே எழுது. நடந்தது எல்லாத்தையும்."

ஃப்ளெக்ஸ் அடித்ததை வேகமாக எழுதிவிட்டேன். டாக்டருக்குத் தெரியாமல் செய்தேன் என்பதையும். அடுத்த வரிதான் வரவில்லை. நான் எழுதுகிற வேகத்துக்கு என் கை அப்படி நின்றதே கிடையாது. 'அவரைப் பொய் சொல்லும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.' எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போனால் போகட்டும், அந்த அக்கா ஆய்வில் சேர்ந்தால் போதும் என்று அப்போது நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வேலை போகக் கூடாது என்றும் நினைத்தேன்.

கமிட்டி அந்த வாரமே கூடியது. எனக்கு எழுத்தில் ஒரு கண்டனம். இனி எந்த நோட்டீஸும் கமிட்டி பார்க்காமல் வெளியே போகக் கூடாது. அக்காவை ஆய்வில் சேர்க்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை: சம்மதம் கேட்கும் இடத்தில் நான் இருக்கக் கூடாது. கமிட்டியிலிருந்து ஒருவர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், நேரில் வந்து கேள்வி கேட்பார். முழுக்க வீடியோவில் பதிவாகும். குணமாகும் என்று நம்பித்தான் வந்திருக்கிறார் என்று ஹெட்மாஸ்டருக்குத் துளி சந்தேகம் வந்தாலும் சேர்க்க முடியாது.

அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு. நான் வெளியே, கதவு இடுக்கில் காதை வைத்துக்கொண்டு. உள்ளே கேமரா, டாக்டர், ஹெட்மாஸ்டர், அக்கா. அக்கா புதுச் சேலை கட்டி, பூ வைத்து, பொண்ணு பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்தது மாதிரி இருந்தார்.

டாக்டர் எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "இப்ப நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு என்ன குடுக்கப் போறாங்க?"

"ஒரு களிம்புங்க. அதுல மருந்து இருந்தாலும் இருக்கும், வெறும் களிம்பா இருந்தாலும் இருக்கும். எது வரும்னு இவுகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்ப்யூட்டரு போடும். நாங்க குலுக்குச் சீட்டுல துண்டு எடுப்போமே, அந்த மாதிரி. வெறும் களிம்பு வந்தாலும் கட்டுப் போட்டு விடுவாக, செருப்பு குடுப்பாக."

"நடுவுல பிடிக்கலைன்னா?"

"எந்திரிச்சுப் போயிரலாம். யாரும் கேக்க மாட்டாக. அப்பவும் கால பாப்பாருன்னு டாக்டரு சொன்னாரு."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.  "அந்த ஃப்ளெக்ஸ்ல முழு குணம்னு போட்டிருந்துச்சே. அதை நம்பித்தான வந்தீங்க?"

"ஃப்ளெக்ஸ்ல போடுறதெல்லாம் யாருங்க நம்புறா?" அக்காவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "எங்க தெருவுல ஒருத்தன் பொறந்த நாளுக்கு 'சிங்கமே'ன்னு ஃப்ளெக்ஸு வச்சாய்ங்க. நாயக் கண்டா எங்க வீட்டு மாடிக்கு ஓடியாந்துருவான் அந்தச் சிங்கம். நீங்க வேற!"

கேமரா ஆடியது. பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்துவிட்டார். ஹெட்மாஸ்டர் சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றார்.

"பின்ன எதை நம்பி வந்தீங்க?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "எதையும் நம்பலைங்க. காலு போயிருமோன்னு பயமா இருந்துச்சு. இவரு தரையில ஒக்காந்து என் காலத் தொட்டுப் பாத்தாரு. மூடுனாலும் மூடும், மூடாமப் போனாலும் போகும்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. அதான்."

ஹெட்மாஸ்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "கூலிங் கிளாஸ் நீதானா?" என்று கேட்டுவிட்டு மாடிப்படி இறங்கினார். நான் காரிடாரில் ஒரு குத்தாட்டம் போட்டது உண்மை. சிசிடிவி இருந்ததும் உண்மை.

அதன்பிறகு வாராவாரம் வியாழக்கிழமை அக்கா வருவார். டியூபில் வெறும் நம்பர் மட்டும்தான் இருக்கும். களிம்பு, கட்டு, புண்மேல் எடை விழாமல் தாங்கும் தடித்த செருப்பு. அது ஒரு காலுக்கு மட்டும் உயரமாக இருந்ததால், அறந்தாங்கியில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து மற்றக் கால் செருப்புக்கும் அதே உயரத்துக்கு அடி ஒட்டிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் புண்ணின்மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்துகொள்வேன். முதல் வாரம் வரைந்ததைப் பார்த்து அக்கா சொன்னார்: "அச்சு அசலா சிலோன் மாதிரி இருக்கு."

மூன்றாவது வாரம் சிலோன் மெலிந்தது. நாலாவது வாரம் இன்னும் கொஞ்சம். ஐந்தாவது வாரம் அப்படியே நின்றுவிட்டது. எடுத்துவிட வேண்டும் என்று அந்த டவுன் டாக்டர் சொன்ன கெடு முடிய நாலு வாரம்தான் இருந்தது. 

தினமும் என்ன செய்தோம் என்று எழுத ஒரு நோட்டு கொடுத்திருந்தோம். டாக்டர் அதைப் புரட்டினார். அக்காவின் குண்டு எழுத்தில் ஒரு வரி: 'இன்று செருப்பு போடவில்லை. வஞ்சிரம் வந்தது. ஓடிவிட்டேன்.' அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும்.

"வையுங்க டாக்டரே, தப்புதான்."

"எதுக்கு வையணும்? இந்த நோட்டுலயே உருப்படியான வரி இதுதான். எழுதாம விட்டிருந்தா ஏன் நின்னுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றவர், நோட்டை மூடினார். "ஆனா ஓடாம இருக்கணுமே, அதுக்கு என்ன பண்றது?"

அந்த ஏற்பாட்டை அக்காவே செய்தார். ஏலம் விடுகிறவரிடம் போய்ப் பேசியிருக்கிறார். கரையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், கையில் ஒரு சிவப்புத் துண்டு. போட் வந்ததும் மற்றவர்கள் ஓடுவார்கள், அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே துண்டைத் தூக்குவார், அவர் கேட்ட விலையும் கணக்கில் வரும். முதல் நாள் கேலி செய்தார்களாம், 'கலெக்டரம்மா வந்துட்டாக' என்று. "ஆமாடி, மனு குடுக்கிறவளுக வரிசையில நில்லுங்கன்னேன்" என்றார் அக்கா.

ஆறாவது வாரம் கண்ணாடித் தாளில் ஒரு புள்ளி அளவுக்குத்தான் வரைய முடிந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். "கச்சத்தீவாயிருச்சுடி தங்கச்சி! இதையும் மீட்டுருவோம்."

ஏழாவது வியாழக்கிழமை கட்டை அவிழ்த்தேன். பஞ்சில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. புண் இருந்த இடத்தில் பளபளவென்று இளஞ்சிவப்பாகப் புதுத் தோல். தாளை வைத்தேன், பேனாவை எடுத்தேன், வரைவதற்கு ஒன்றும் இல்லை. அந்த வெறுந்தாளைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். கதவைத் தட்டவில்லை. உள்ளே இருந்த நோயாளியிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. டாக்டர் வந்து விரலால் தடவி, விளக்கை அடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ரெண்டு வாரம் இப்படியே இருந்தாத்தான் மூடுனதாக் கணக்கு" என்றார், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

இரண்டு வாரம் அப்படியே இருந்தது. அந்த டவுன் டாக்டர் சொன்ன கெடு முடிந்த நாளில் அக்கா எங்கள் காரிடாரில் செருப்பில்லாத இரண்டு காலோடு நின்று, தன் பாதத்தைத் தானே போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வந்தது மருந்தா, வெறுங்களிம்பா டாக்டரே?"

"எல்லாரும் முடிச்ச பெறகுதான் பிரிச்சுப் பாப்பாங்க. மருந்தா, கட்டா, செருப்பா, நீங்க ஓடாம ஒக்காந்ததா, எதுன்னு இப்பச் சொல்ல முடியாது."

"எதுவா இருந்தா எனக்கென்ன? காலு என்னுது."

அதோடு முடியவில்லை. அக்காவின் காலைப் பார்த்துவிட்டு மீமிசல் பக்கமிருந்தே ஆட்கள் ஒவ்வொருவராகக் கட்டை அவிழ்த்துக் காட்ட வந்தார்கள். கமிட்டி படித்து அனுமதித்த, கறுப்பு எழுத்தில், போட்டோ இல்லாத, ஒரு சுவாரசியமும் இல்லாத நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே அந்த ஃபைலை நிரப்பினேன். வருகிற ஒவ்வொருவரிடமும், குணமாகும் என்று சொல்ல மாட்டேன் என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறேன். அப்படியும் உட்காருகிறார்கள்.

கொஞ்ச மாதம் கழித்து அக்கா கூரை போட்ட புதுக் கடை திறந்தார். டாக்டரும் நானும் போனோம். மீமிசலில் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே தெரிந்தது, யாரோ எதையோ வாட்ஸப்பில் அனுப்பினார்கள் என்று என் அம்மா காலையிலேயே போனில் ஏன் அப்படிக் கத்தினாள் என்று. நான் முன்பு ஃப்ளெக்ஸ் வைத்த அதே இடத்தில், அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக, 'மீன் கடை திறப்பு விழா'. நடுவில் சிவப்புத் துண்டைத் தூக்கிப் பிடித்தபடி அக்கா. கீழ் வரிசையில் 'வாழ்த்தும் சொந்தங்கள்' என்று போட்டு, படகுக்காரப் பையன்கள் ஆறு பேர் கூலிங் கிளாஸோடு. ஏழாவதாக, ஒரே ஒரு பெண்ணாக, அதே பழைய கூலிங் கிளாஸோடு நான். எனக்குக் கீழே மட்டும் 'தங்கச்சி'.

"உள்ளங்கால் போட்டோவையும் நடுவுல போடச் சொன்னேன்" என்றார் அக்கா. "கடைக்காரன் மாட்டேன்னுட்டான்."

டாக்டர் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். "இதுக்குக் கமிட்டிகிட்ட அனுமதி வாங்குனியா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கரையில் போட் வந்த சத்தம் கேட்டது. அக்கா ஸ்டூலைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார்.

"செருப்பு போட்டுக்கிட்டுப் போங்க" என்றார் டாக்டர்.

அக்கா செருப்பை மாட்டினார், சேலையைத் தூக்கிச் செருகினார், ஓடினார். தன் வயதில் பாதிகூட இல்லாத இரண்டு பெண்களை முந்திக்கொண்டு ஓடினார்.